கொளுத்தும் வெயிலில் தனியாக நெடுந்தூர மோட்டார்சைக்கிள் பயணம்: உடல் எப்போது "போதும்" என்கிறது?

இரவு வேலை முடிந்து காலை 7 மணிக்கு வெளியே வருகிறார் ஓர் ஊழியர். பை தயார். டாங்கி நிறைய பெட்ரோல். சுங்கைப்பட்டாணியில் அம்மா சமைத்துவைத்துக் காத்திருப்பார். வண்டியைக் கிளப்புகிறார்.

"ஒரே மூச்சுல போயிடலாம். காத்து அடிக்கும், சூடு தெரியாது."

சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வேலை செய்யும் மலேசியர்களுக்கு இது பழக்கமான காட்சி. நோன்புப் பெருநாள், தமிழ்ப் புத்தாண்டு, மே தின நீண்ட வார இறுதி என்று எது வந்தாலும் ஊருக்குப் போக வேண்டும். பேருந்துச் சீட்டு கிடைக்காது. விமானக் கட்டணம் கட்டுப்படியாகாது. வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சாலைக் கட்டணமும் கிடையாது.

விடுமுறைக்காக ஹட்யாய் வரையோ அதற்கும் அப்பாலோ தனியே போய்வரும் சிங்கப்பூரர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பயணங்களில் பல, ஆண்டின் மிக வெப்பமான மாதங்களில் நடக்கின்றன. அப்போது உடலுக்கு என்ன ஆகிறது? எப்போது நிறுத்த வேண்டும்? தெரிந்துகொள்வோம்.

நம்ம ஊர்ல கோடைக்காலமே இல்லையே?

நான்கு பருவங்கள் இல்லைதான். ஆனால் வெப்பம் கூடும் காலம் உண்டு.

தீபகற்ப மலேசியாவின் வடக்கில் ஆண்டின் முதல் சில மாதங்களில் மழை குறைந்து, மார்ச், ஏப்ரலில் வெயில் உச்சத்தைத் தொடும். மலேசியாவில் பதிவான ஆக அதிக வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியஸ். பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி அது பதிவானது.

சிங்கப்பூரில் ஆக அதிகமாக 37 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் அந்த அளவு பதிவானது.

எல்லையைத் தாண்டினால் நிலைமை இன்னும் கடுமை. தாய்லந்தின் வடமேற்கில் உள்ள தாக் நகரில் 2023 ஏப்ரலில் 45.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. அங்கே ஏப்ரல் மாதம் முழுக் கோடை.

தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு.

ஜொகூர் பாருவிலிருந்து தாய்லந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை வடக்கு-தெற்கு விரைவுச்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். காலை 5 மணிக்குக் கிளம்பி, நின்று நின்று போனால், பிற்பகல் 2 மணிவாக்கில் கெடா பக்கம் இருப்பீர்கள்.

பயணத்தின் ஆகச் சூடான பகுதி, நாளின் ஆகச் சூடான நேரம், உங்கள் உடல் ஆகக் களைத்திருக்கும் நேரம். மூன்றும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

காத்துதான் அடிக்குதே, அப்புறம் என்ன?

மோட்டார்சைக்கிளோட்டிகள் அதிகம் நம்புவது இதைத்தான். பாதி உண்மை.

நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். அதைவிடக் குளிர்ந்த காற்று உடல்மீது பட்டால் சூட்டை எடுத்துச் செல்லும். காலை 26 டிகிரியில் ஓட்டும்போது சில்லென்று இருப்பது அதனால்தான்.

காற்றின் வெப்பநிலை 36, 37 டிகிரியைத் தொட்டால் கதை மாறிவிடும். இப்போது காற்று உங்கள் உடலுக்குச் சூட்டைக் கொடுக்கிறது. முகத்துக்கு நேரே தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்ததுபோல. வேகம் கூடக் கூட அது இன்னும் அதிகமாகக் கொடுக்கும்.

அந்த நிலையில் உடலைக் காப்பாற்றுவது வியர்வை மட்டுமே. 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். சட்டை நனையாது. "எனக்கு அவ்வளவா வேர்க்கல" என்று தோன்றும். உண்மையில், கடும் வெயிலில் ஒருவர் மணிக்கு 1 லிட்டர் நீரையோ அதற்கு மேலுமோ வியர்வையாக இழக்கக்கூடும்.

ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திய இரண்டாவது நிமிடம் வியர்த்துக் கொட்டுகிறதா? வழியெல்லாம் உடல் அப்படித்தான் வியர்த்துக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விரைவுச்சாலையைவிட வரிசை ஆபத்து

நம் வட்டாரத்தில் வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஓடும் வண்டியில் காற்றோட்டம் ஓரளவு கைகொடுக்கும். வண்டி நின்றால் அதுவும் போய்விடும்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில், துவாஸில், புக்கிட் காயு ஹீத்தாமில், பண்டிகைக் கால நெரிசலில் ஊர்ந்து செல்லும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள். காலுக்கு இடையே உங்கள் வண்டியின் சூடு. கீழே 60 டிகிரி வரை சூடேறக்கூடிய தார்ச்சாலை. தலையில் கவசம், உடம்பில் மேலங்கி.

வெப்பமானியில் 33 டிகிரிதான் இருக்கும். உடல் படும் பாடு அதைவிட அதிகம்.

அதனால்தான் சிங்கப்பூரின் வெப்ப அழுத்த ஆலோசனை வெறும் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை. ஈரப்பதம், காற்று, வெயிலின் கடுமை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அதில் பயன்படுகிறது. அந்த அளவு 31க்குக் கீழே இருந்தால் வெப்ப அழுத்தம் குறைவு. 31 முதல் 33க்குள் இருந்தால் மிதம். 33ஐத் தொட்டால் அதிகம்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வேறு முறையைப் பின்பற்றுகிறது. தொடர்ந்து 3 நாள் அன்றாட அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, போகும் வழியில் உள்ள மாவட்டங்களின் நிலையைப் பார்த்துவிடுவது நல்லது.

வெப்பம் முதலில் எதைத் தாக்குகிறது?

கை, கால் சோர்வதற்கு முன்பே கவனம் சோர்ந்துவிடும்.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.4 லிட்டர். வெயிலில் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓட்டினால் அந்த நிலைக்கு வந்துவிடலாம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கவனம் தப்பினால் வண்டி 80 மீட்டருக்கு மேல் போயிருக்கும்.

அடுத்த கட்டம் வெப்பச் சோர்வு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். வெயிலில் உடம்பு சிலிர்த்தால் அதுவும் மோசமான அறிகுறியே. அங்கேயே நிறுத்தினால் உடல் மீண்டுவிடும்.

நிறுத்தாமல் போனால் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கம் வரலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பேச்சு குழறும். இடம், நேரம் குழம்பும். நினைவு தப்பும். இது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. மலேசியாவில் அண்மை ஆண்டுகளின் வெப்ப அலைகளில் இதற்கு உயிர்கள் பலியாகியிருக்கின்றன.

தனியாகப் போகிறவருக்குள்ள உண்மையான ஆபத்து இங்கேதான். கூட்டமாகப் போனால், "டேய், ஏன் கோணல்மாணலா ஓட்டுற? நிறுத்து!" என்று பின்னால் வருபவர் சொல்வார். தனியே போகும்போது, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று முடிவு செய்வது சூட்டில் குழம்பத் தொடங்கிய அதே மூளை. அந்த மூளையின் பேச்சை நம்ப முடியாது.

ஆகவே, எங்கே நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளைச் சாலையில் எடுக்காதீர்கள். முதல் நாள், வீட்டில், தெளிவான மனத்தோடு எடுத்துவிடுங்கள். சாலையில் உங்கள் வேலை அதைப் பின்பற்றுவது மட்டுமே.

முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவுகள்

நேரம்: தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சூரியன் உதிப்பது காலை 7 மணி அளவில். உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணிக்குப் பிறகு. அதனால் 12 மணி வெயிலைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை சாலையில் இருக்கக்கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம்: காலை 5.30 மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து கிளம்பினால் சுமார் 530 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஈப்போவை மதியத்தை ஒட்டி அடையலாம். அங்கே தங்கிவிட்டு மறுநாள் விடியலில் கிளம்பினால், கெடா, பெர்லிஸ் சமவெளியை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். ஒருநாள் கூடுதலாக ஆகும். ஆனால் கடும் வெயிலும் களைப்பும் ஒரே நேரத்தில் சேராது.

நிறுத்தங்கள்: 60 முதல் 75 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டு இடங்களின் பெயரை எழுதிவிடுங்கள். பாகோ, ஆயர் குரோ, சிரம்பான், தாப்பா, குனோங் செமாங்கோல் என்று சாலை நெடுகிலும் ஓய்விடங்கள் இருக்கின்றன. "இன்னும் கொஞ்சம் போயிட்டு நிறுத்தலாம்" என்ற பேச்சே வேண்டாம். பட்டியலில் இருந்தால் நிறுத்த வேண்டும்.

தூக்கம்: வெயிலைத் தவிர்க்க இரவெல்லாம் ஓட்டுவது தீர்வல்ல. பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை உடல் தூக்கத்தை நாடும் நேரம். இரவு வேலை முடிந்து அப்படியே கிளம்புவது அதைவிட ஆபத்து. தூக்கமின்மை வெப்பத்தைத் தாங்கும் சக்தியையும் குறைக்கிறது. நான்கைந்து மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் விழித்தால் மாலை 4 மணிக்குப் பிறகு கிளம்பி, இரவு 10 மணிக்குள் கோலாலம்பூரில் நிறுத்திவிடலாம்.

தண்ணீர் குடிச்சா அடிக்கடி நிறுத்தணுமே?

பலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. சிறுநீர் கழிக்க நிறுத்த வேண்டிவருமே என்ற கவலை. யோசித்துப் பார்த்தால், தனியாகப் போகிறவருக்கு அது நல்ல நண்பன். உடலே உங்களை நிறுத்தவைக்கிறது.

வெயிலில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு குடிப்பது நல்லது. முதுகில் மாட்டும், குழாய் வைத்த தண்ணீர்ப் பை இருந்தால் வண்டியை ஓரங்கட்டும்போதெல்லாம் எளிதாகக் குடிக்கலாம். அது இல்லாதவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை லிட்டருக்குக் குறையாமல், அவசரப்படாமல் குடிக்கலாம்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். அதுவும் தலைவலி, குழப்பத்தில் கொண்டுபோய் விடும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். உப்பும் உள்ளே போக வேண்டும். மருந்தகத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் போதும். வீட்டிலேயே செய்வதென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

உப்புப் போட்ட மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் இளநீரோடு உப்புள்ள உணவும் கொஞ்சம் வேண்டும். மதுபானம் கூடவே கூடாது. ஊக்கபானம் களைப்பை மறைக்கும், போக்காது.

நீர் போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லிவிடும். வெளிர்மஞ்சள் என்றால் சரி. தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றைய பயணத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் பேசுவது அவசியம். சளி, அரிப்புக்கான சில மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதோடு வியர்வையையும் குறைக்கும்.

சூடா இருக்கு, டீ-சட்டை போதாதா?

போதாது. விழுந்தால் தோல் போய்விடும் என்பது ஒரு காரணம். வெயிலும் இன்னொரு காரணம். திறந்த தோலில் வெயில் நேராகப் படும். அனல் காற்று நீரை உறிஞ்சிவிடும்.

34 டிகிரி வரை வலைத்துணி மேலங்கி நல்ல பயன் தரும். அதற்கு மேல் சூடு ஏறினால், மேலங்கிக்குள் ஈரமான பருத்திச் சட்டை அணியலாம். கழுத்தில் நனைத்த துண்டைக் கட்டிக்கொள்ளலாம். துணியின் நுனி சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதபடி உள்ளே செருகிவிடுங்கள். வெளிர்நிறத் தலைக்கவசம் கறுப்பைவிடக் குறைவாகச் சூடேறும். 37, 38 டிகிரியில் முகக் கண்ணாடியைத் திறந்து வைப்பதைவிட மூடிவைப்பதே நல்லது.

வண்டிக்கும் சூடு உண்டு

நெடுந்தூரத்துக்குப் பெரிய வண்டிதான் வேண்டும் என்பதில்லை. ஈப்போவைச் சேர்ந்த அனித்தா யூசோஃப், 2015இல் 150 சிசி மோட்டார்சைக்கிளில் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியவர். கப்சாய் வண்டியிலும் ஊர் போய்ச் சேரலாம். பராமரிப்புதான் முக்கியம்.

- டயரில் காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓட ஓட அழுத்தம் கூடுவது இயல்பு. வழியில் சூடாக இருக்கும்போது காற்றை இறக்கிவிட வேண்டாம். காற்று குறைந்த டயர்தான் அதிகம் சூடேறிக் கெடும்.
- இயந்திர எண்ணெய் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.
- நீர்வழிக் குளிரூட்டல் உள்ள வண்டியில் குளிர்நீரின் அளவைப் பாருங்கள். இயந்திரம் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
- காற்றால் குளிரும் சிறிய இயந்திரத்தை முழு வேகத்தில் மணிக்கணக்கில் முறுக்க வேண்டாம். உங்களுக்காக நிறுத்தும் 15 நிமிடம் வண்டிக்கும் ஓய்வு.
- பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் பிற்பகல் மழையின் முதல் சில நிமிடங்களில் சாலை மிகவும் வழுக்கும். மேம்பாலங்களுக்கு அடியில் உள்ள மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கான கூடங்களில் ஒதுங்குங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கேள்வி

தலைக்கவசத்தைக் கழற்றியதும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

- இது எந்த ஓய்விடம்? அடுத்தது எது?
- கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லில் என்ன எண்?
- 100இலிருந்து 7, 7ஆகக் கழித்தால் என்ன வரும்? 93, 86, 79...

தடுமாறினால் அன்று வெயிலில் இனி ஓட்டுவதில்லை. இதுவும் வீட்டிலேயே எடுத்துவிட்ட முடிவாக இருக்க வேண்டும். வழியில் வெளியேறும் பாதையைத் தவறவிட்டது, தடத்தைவிட்டு விலகியது, எந்த வேகத்தில் வந்தோம் என்றே நினைவில்லாதது ஆகியவையும் அதே கணக்குதான்.

நிழலுக்குப் போங்கள். மேலங்கியைக் கழற்றுங்கள். ஓய்விடக் குழாயில் தலை, கழுத்து, கைகளை நனையுங்கள். குளிரூட்டப்பட்ட கடைக்குள் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அவசரத்துக்கு மலேசியாவில் 999. வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் உதவிக்கு பிளஸ்லைன் 1800-88-0000. தாய்லந்தில் மருத்துவ உதவி வாகனத்துக்கு 1669. சிங்கப்பூரில் 995. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமின்றி ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கூடவே குடும்பத்தார் எண், இரத்த வகை, ஒவ்வாமை.

சாலையோரம் ஒருவர் குழம்பிப் பேசுவதையோ மயங்கிக் கிடப்பதையோ பார்த்தால் உடனே அவசர எண்ணை அழையுங்கள். அவரை நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த போத்தல்களை வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. விபத்தில் விழுந்தவராக இருந்தால் கழுத்தை அசைக்காமல் உதவிக்குக் காத்திருப்பது நல்லது.

வீட்டில் காத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

தனியாகப் போகிறவரும் முழுக்கத் தனியாக இருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் நேரடி இருப்பிடத்தைப் பகிரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குரல் தகவல் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தைவிடக் குரல் மேல். நாக்கு குழறினால் வீட்டில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். 90 நிமிடமாகத் தகவல் இல்லையென்றால் அழைப்பது, பதில் இல்லையென்றால் உதவி எண்ணைத் தொடர்புகொள்வது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "எங்க இருக்க? எல்லாரும் சாப்பிடாம உனக்காகக் காத்திருக்கோம்" என்று அன்பாகத்தான் கேட்கிறோம். சாலையில் இருப்பவருக்கு அது "சீக்கிரம் வா" என்று கேட்கும். அடுத்த நிறுத்தத்தைத் தாண்டிப் போகத் தோன்றும்.

"ராத்திரி ஈப்போவுலேயே தங்கிட்டு வாப்பா. சாப்பாடு எங்க போயிடப் போகுது, நாளைக்குச் சூடா சமைக்கிறேன்" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகன் நிம்மதியாக நிறுத்துவான்.